மார்சபிட்டில் இருக்கும் உங்களுக்கு

இன்று காலை பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசல் தெளிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் அடிப்பிடித்துவிட்டது. முன்பெல்லாம் நான் எங்கே போனாலும் பாலை அத்தை பார்த்துக்கொள்வார். இப்போது நான் அடுப்பில் வைத்த எதையும் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

அடுப்படி முழுக்கத் தீய்ந்த வாசனை. பாத்திரத்தை இறக்கி வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றுவிட்டேன். அன்றைக்குக் கென்யாவின் வடக்கே, கறுப்புக் கற்களைத் தவிர வேறொன்றும் இல்லாத அந்த வெளியில், ஸ்பிரிங் பட்டை உடைந்து நின்றுபோன மாட்டு லாரியின் நிழலில் உங்களைப் படுக்க வைத்திருந்தேன். கூட வந்த போரானா இனத்துப் பெண் ஒருத்தி தன் குடுவையிலிருந்து உங்களுக்குப் பால் கொடுத்தாள். அந்த ஊர்க்காரர்கள் பால் ஊற்றுவதற்கு முன்னால் குடுவைக்குள் தணல் போட்டுப் புகை காட்டுவார்கள். பாலிலும் புகை ஏறியிருக்கும். நீங்கள் இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, “அடிப்பிடிச்ச பாலு மாதிரி இருக்கு புள்ள” என்றீர்கள். நீங்கள் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சுகளில் அது ஒன்று.

நீங்கள் போய் மூன்று வருடம் ஆகிறது. இதுவரை உங்களுக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. எழுதினால் நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். வீட்டில் ஒன்று சொல்லிவிட்டு உங்களுக்கு வேறொன்று எழுத எனக்குக் கை வரவில்லை. போன மாதம் அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஓடைப்பட்டியில் உங்களைப் பற்றி ஒரு கதை இருக்கிறது. காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு பிறந்தவர் நீங்கள் என்றும், எத்தியோப்பியாவில் வேலை முடிந்ததும் ஒழுங்காக விமானம் ஏறி வராமல், முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு பெண்டாட்டியையும் இழுத்துக்கொண்டு பாலைவனம் பார்க்கப் போய் அங்கேயே செத்துப்போனீர்கள் என்றும் பேசிக்கொள்கிறார்கள். டீக்கடையில், திராட்சை ஏற்றும் இடத்தில், சொசைட்டியில் எல்லா இடத்திலும் இதே கதைதான். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தெரியப்படுத்தியவள் நான்.

உங்களுக்குப் பயணம் என்றாலே ஆகாது. சின்னமனூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைக்காவிட்டால், குமட்டும் என்று அடுத்த பஸ்ஸுக்கு நிற்பீர்கள். கல்யாணம் ஆன புதிதில் மூணாறு போகலாம் என்று கேட்டதற்கு, “மலைதான இங்கனயே இருக்கே, அங்க என்ன வேற மலையா இருக்கு” என்று சொன்னவர் நீங்கள். ஊர் சுற்றும் ஆசை என்னுடையது. அது எங்கே தொடங்கியது என்றுகூட எனக்குத் தெரியும். ஜெயமங்கலத்தில் பிறந்தவள் நான். எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை வந்து கண்ணை மறிக்கிற ஊர். பதினோரு வயதில் அம்மா வழிச் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்காகச் சாயல்குடிப் பக்கம் கூட்டிப்போனார்கள். பஸ்ஸை விட்டு இறங்கிப் பார்த்தால் தரை போய்க்கொண்டே இருந்தது. அது போய் வானத்தில் முட்டும்வரை நடுவில் தடுப்பே இல்லை. கல்யாண வீட்டில் சாப்பிடாமல் வெளியே நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்ததற்காக அப்பாவிடம் அடி வாங்கினேன். அதைவிடப் பெரிதாக, பனைமரம்கூட இல்லாத ஒரு வெளியைப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே மனதில் விழுந்துவிட்டது.

அப்பாவின் அக்கா மகன் நீங்கள். சின்ன வயதிலிருந்தே எனக்கு மச்சான். கல்யாணத்துக்குப் பிறகு இந்த ஆசையை உங்களிடம் சொன்னபோது சிரித்தீர்கள். கேலி செய்யவில்லை, வெறுமனே சிரித்தீர்கள். தேனியில் ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்த உங்களுக்கு இரண்டாயிரத்து நாலில் எத்தியோப்பியாவில் ஒரு மலை ஊர்க் கல்லூரியில் வேலை வந்தது. தண்ணீர் வராமல் போன ஆழ்துளைக் கிணற்றின் கடன் அடையும், கூட இரண்டு ஏக்கர் பன்னீர்த் திராட்சை போடலாம் என்று நீங்கள் கிளம்பினீர்கள். நான் எதற்குக் கிளம்பினேன் என்று உங்களுக்குத் தெரியும்.

மூன்று வருடம் அந்த மலை ஊரில் இருந்தோம். குளிர், மழை, யூகலிப்டஸ் மரங்கள். நம் கொடைக்கானலைக் கொண்டுபோய் வைத்த மாதிரி. அங்கேயும் என் கண்ணுக்கு மலைதான் கிடைத்தது. ஒப்பந்தம் முடியப்போகும் நேரத்தில், கல்லூரிக் காவலாளி எங்கிருந்தோ கொண்டுவந்து கொடுத்த பழைய வழிகாட்டிப் புத்தகம் ஒன்று என் கையில் கிடைத்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரர் பென்சிலால் குறிப்பு எழுதி வைத்திருந்தார். எந்த ஊரில் எந்த லாரி கிடைக்கும், எந்த விடுதியில் மூட்டைப்பூச்சி அதிகம், எங்கே தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது எல்லாம். தெற்கே இறங்கி, புல்வெளியைக் கடந்து, எல்லையில் மொயாலே. அதற்கப்புறம் இரண்டு நாள் பாலைவனம். பிறகு நைரோபி.

“பிளேன்ல ஏறுனா மறுநா மதுரை. இது எதுக்குப் புள்ள?” என்று கேட்டீர்கள்.

“ஊருக்குப் போயிட்டா இனிமே ஏழு சென்மத்துக்கும் ஓடப்பட்டிதான் மச்சான். ஒரு தடவ. ஒரே ஒரு தடவ.”

நான்கு நாள் நான் உங்களிடம் பேசவில்லை. ஐந்தாவது நாள் சாயங்காலம் நனைந்துகொண்டே வந்து, குடையை மடக்கி மூலையில் வைத்துவிட்டுச் சொன்னீர்கள். “டிக்கெட்ட நைரோபிலேருந்து போற மாதிரி மாத்திட்டேன். போதுமா? இப்பவாச்சும் சோத்தப் போடு.”

ஆளுக்கொரு மூட்டை. அரிசி, பருப்புப்பொடி, ஒரு சின்ன மண்ணெண்ணெய் அடுப்பு, இரண்டு போர்வை. ஊருக்குக் கொண்டுபோக வேண்டிய காசில் கை வைக்கக் கூடாது என்று நீங்கள் வைத்த ஒரே நிபந்தனைக்கு நான் ஒப்புக்கொண்டேன். அதனால் எங்கே போனாலும் இருப்பதிலேயே மலிவான அறை. வழியில் ஓர் ஏரிக்கரை ஊரில் தங்கிய அறையில் கொசுவலை இருந்தது. அதில் ஓட்டைகளும் இருந்தன. நான் ஊசிநூல் எடுத்துத் தைத்தேன். தைத்தது போக மிச்சமிருந்த ஓட்டையை என் பக்கம் வைக்கச் சொன்னேன். நீங்கள் வலையைத் திருப்பிப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டீர்கள். மூன்று இரவு அங்கே இருந்தோம். நீர்யானை பார்க்க வேண்டும் என்று மூன்றாவது இரவைக் கூட்டியவள் நான்.

அதற்குப் பிறகு யாபெல்லோ பக்கம் புல்வெளி. ஆள் உயரத்துக்கும் மேலே செம்மண் புற்றுகள், குடை மாதிரி வேலமரங்கள், தூரத்தில் அசையாமல் நின்ற வரிக்குதிரைகள். நீங்கள் புற்றைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, “நம்ம ஊருன்னா இதுக்கு மஞ்சத்துணி கட்டி முட்ட வச்சிருப்பாக” என்றீர்கள். அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்தோம். நாம் சேர்ந்து சிரித்தது அதோடு சரி என்று நினைக்கிறேன். கழுதைவண்டியில் வந்த ஒருவர் நம்மைப் பார்த்துத் தானும் சிரித்துவிட்டுப் போனார்.

மொயாலே போய்ச் சேர்ந்தபோது கிளம்பிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. வந்த அன்றைக்கே உங்களுக்கு உடம்பு வலித்தது. மறுநாள் ராத்திரி குளிர் எடுத்து, இரண்டு போர்வையையும் இழுத்துப் போர்த்திக்கொண்டீர்கள். காலையில் நான் எல்லையைத் தாண்டி ஊரின் கென்யாப் பக்கம் போய் லாரி பேசிவிட்டு வந்தேன். மாடு ஏற்றிக்கொண்டு நைரோபி போகிற லாரி. வழியில் கொள்ளைக்காரர்கள் உண்டு என்பதால் போலீஸ் துணையோடு லாரிகள் வரிசையாகத்தான் கிளம்பும். பத்து மணிக்குப் புறப்படும் என்றார்கள். அறைக்கு வந்தால் நீங்கள் கட்டிலில் உட்கார்ந்து ஒரு கால் செருப்பை மாட்டிவிட்டு இன்னொன்றை மாட்டாமல் இருந்தீர்கள்.

“ரெண்டு நாளு இங்கனயே படுத்துட்டுப் போவமா?”

நமக்கு நாள் இருந்தது. விமானத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அதை நான் யாரிடமும் மறைத்துச் சொல்ல முடியாது. இரண்டு நாள் கழித்துப் போயிருந்தாலும் இதே பாலைவனம் அங்கேயேதான் இருந்திருக்கும்.

“சின்னமனூரு போறதுன்னாலே ஒங்களுக்கு வாந்தி வரும். எல்லாத்துக்கும் இதே சாக்குதான். இஷ்டம் இல்லாமத்தான வந்தீக, அத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல” என்றேன்.

இன்னொரு செருப்பையும் மாட்டினீர்கள். மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டீர்கள். “வா, போவோம்” என்றீர்கள். நான் உங்கள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை. மச்சான், ஒரு தடவை தொட்டிருந்தால் போதும். கோபத்தில் இருந்தேன். தொடவில்லை.

லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதற்கு, மேலே உட்காருவதற்கு ஆகும் காசைப்போல இரண்டு மடங்கு கேட்டார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். “மேல ஒக்காந்தாத்தான் எல்லாம் தெரியும்” என்றேன். மேலே என்றால் கீழே மாடுகள், அவற்றின் தலைக்கு மேல் குறுக்கே இரும்புச் சட்டங்கள், அதில் சாக்கை மடித்துப் போட்டு உட்கார வேண்டும். பிடி நழுவினால் கொம்புகளுக்கு நடுவில்தான் விழ வேண்டும். நம்மோடு பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அந்தப் போரானாப் பெண்ணும் அதில் ஒருத்தி. நாம் ஏறியதிலிருந்தே அவள் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் கழித்து உங்கள் கை கம்பியில் நிற்காமல் நழுவியபோது, என்னைக் கூப்பிட்டுச் சைகை காட்டியவளும் அவள்தான். என் துப்பட்டாவை எடுத்து உங்கள் இடுப்பைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினேன். அப்போதுதான் உங்களைத் தொட்டேன். கொதித்தது.

திரும்ப முடியாது. வரிசையில் போகிற லாரி நமக்காகத் திரும்பாது. “தலவலிதான் புள்ள, வெயிலு” என்று நீங்கள் சொன்னதை நானும் எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொள்ளத்தான் எனக்கு இஷ்டமாக இருந்தது.

இப்போது எழுதப்போவதை அத்தையிடம்கூடச் சொல்லவில்லை. மத்தியானம் லாரி அந்தக் கறுப்புக் கல் வெளிக்குள் நுழைந்தது. மரம் இல்லை, புல் இல்லை, மேடு பள்ளம்கூட இல்லை. எங்கே பார்த்தாலும் சட்டியளவு கறுப்புக் கற்கள், அதற்கு மேல் வானம். நான்கு பக்கமும் தரை போய் வானத்தில் முட்டியது. பதினோரு வயதிலிருந்து நான் கேட்டது அது. நீங்கள் என் தோளில் சாய்ந்து நடுங்கிக்கொண்டிருந்தீர்கள். நான் சந்தோஷமாக இருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்னாலும் இருந்ததில்லை, பின்னாலும் இருந்ததில்லை. ஒரு மணி நேரம் இருக்கும். அந்த ஒரு மணி நேரத்தை நான் என்ன செய்வது என்று தெரியாமல் வைத்திருக்கிறேன்.

“எப்பிடி இருக்கு மச்சான்?” என்று கேட்டேன்.

கண்ணைத் திறந்து சுற்றிலும் ஒருமுறை பார்த்தீர்கள். “நல்லாருக்கு புள்ள” என்றீர்கள்.

அதற்குப் பிறகுதான் ஸ்பிரிங் பட்டை உடைந்தது. மற்ற லாரிகள் முன்னால் போய்விட்டன. மாட்டு லாரி அங்கேயே நின்றது. உங்களை இறக்கி நிழலில் படுக்க வைத்தோம். அந்தப் பெண் பால் கொடுத்தாள். சாயங்காலத்துக்குள் நீங்கள் வேறு யாரிடமோ பேச ஆரம்பித்துவிட்டீர்கள். “கவாத்து முடிஞ்சதா? மருந்து அடிக்கலியா இன்னும்? மழ வருது பாரு, பூவு பூராம் போயிரும்” என்றீர்கள். திராட்சைத் தோட்டத்தில் இருந்தீர்கள். ஒரு தடவை “அம்மா, தண்ணி” என்று கேட்டு, நான் கொடுத்ததும் என்னை யாரென்று தெரியாமல் பார்த்தீர்கள். ராத்திரி முழுக்க அங்கேயே கிடந்தோம். விடிந்தபின் வேறொரு லாரி வந்து, முன் சீட்டில் உங்களைக் கிடத்திக் கொண்டுபோனார்கள். அதற்கு யாரும் காசு கேட்கவில்லை.

மார்சபிட் ஒரு மலை. பாலைவனத்துக்கு நடுவில் திடீரென்று காடும் மேகமுமாக நிற்கும் மலை. அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரி. மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். நர்ஸ் என்னிடம் காய்ச்சல் எப்போது தொடங்கியது என்று கேட்டார். நான்கு நாளாகிறது என்றேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார், பிறகு எழுதினார். அவர்கள் செய்ய முடிந்ததையெல்லாம் செய்தார்கள். மறுநாள் உச்சிப்பொழுதில் நீங்கள் போய்விட்டீர்கள். நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். எந்த நிமிடத்தில் போனீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நர்ஸ் வந்து சொல்லித்தான் தெரிந்தது.

ஆஸ்பத்திரி போனிலிருந்து ஓடைப்பட்டிக்குப் பேசினேன். உங்கள் தம்பிதான் எடுத்தார். நான் சொன்னது அவருக்குப் புரியவே நேரமானது. லைன் விட்டுவிட்டு வந்தது.

“எப்ப அண்ணி கொண்டாருவீக?”

“கொண்டார முடியாது தம்பி. இங்க வச்சிருக்க வசதி இல்ல. நைரோபி இங்கேருந்து ரெண்டு நாளு. ரோடு கெடையாது.”

அவர் அழுதார். பின்னால் அத்தையின் குரல் கேட்டது. பிறகு அவர் கேட்டார். “அங்கன எதுக்கு அண்ணி போனீக? பிளேன்ல வர வேண்டியதுதான? யாரு போகச் சொன்னா?”

“ஒங்க அண்ணந்தான் ஆசப்பட்டாரு” என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்தது அதுதான். சொல்லி முடித்ததும், திருத்த வேண்டும் என்று நினைப்பதற்குள் லைன் அறுந்துவிட்டது. நான் திரும்பப் போட்டிருக்கலாம். போடவில்லை.

வீட்டுக்கு வந்த அன்றைக்கு அத்தை வாசலுக்கு வந்தார். நான் இறங்குவதையும், என் தோளில் இரண்டு மூட்டையும் இருப்பதையும் பார்த்தார். அழவில்லை. “ஊரு சுத்தப் போனவன் அங்கனயே கெடக்கட்டும். நீ உள்ள வா ஆத்தா” என்று என்னைக் கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து என்னைத் தரையில் விடாமல் பார்த்துக்கொண்டார். எனக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டது, வேலைக்குப் போகச் சொல்லிச் சின்னமனூர்ப் பள்ளிக்கூடத்தில் ஆள் பிடித்துச் சேர்த்துவிட்டது, பொட்டை அழிக்கச் சொன்ன பெரியவர்களை வாசலிலேயே நிறுத்தித் திட்டி அனுப்பியது எல்லாம் அவர்தான். ஆனால் உங்கள் பெயரை அவர் எடுப்பதில்லை. தம்பி சின்னமனூரில் உங்கள் போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார். அத்தை அதை மாட்டவிடவில்லை. பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தார். ஆடி அமாவாசைக்கு எல்லோரும் சுருளி அருவிக்குப் போய்த் திதி கொடுத்தபோது, “அவனுக்குக் கெடையாது. ஒரு பொம்பளப் புள்ளயத் தெருவுல விட்டுட்டுப் போனவனுக்கு என்ன எள்ளுந்தண்ணியும்” என்று சொல்லிவிட்டார். இரண்டு வருடம் உங்களுக்கு யாரும் தண்ணீர் விடவில்லை மச்சான். என்னுடைய ஒரு வாக்கியத்தால்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். பொட்டிப்புரத்தில் ஒரு மாப்பிள்ளை இருக்கிறாராம். பெண்டாட்டி இறந்து நான்கு வருடம், தோட்டம் தொரவு உண்டு, நல்ல மனுஷன். வெள்ளிக்கிழமை பார்க்க வருகிறார்கள் என்றார். நான் வேண்டாம் என்றேன்.

“வேணாம்னா எப்பிடித்தா? ஏம் மவன் ஒன்னைய இழுத்துட்டுப் போயி இப்பிடி ஆக்கிட்டான். அவன் செஞ்ச பாவத்த நாந்தான தீக்கணும்? நாஞ் சாகறதுக்குள்ள ஒன்னைய ஒரு எடத்துல வச்சுட்டுப் போறேன்” என்று சொல்லித் தன் காதிலிருந்த கம்மலைக் கழற்றி என் மடியில் போட்டார்.

அந்தக் கம்மலைப் பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தேன். சாயல்குடிக் கல்யாணத்திலிருந்து சொன்னேன். நான்கு நாள் பேசாமல் இருந்ததை, நீங்கள் நனைந்துகொண்டு வந்ததை, ஏரிக்கரையில் மூன்றாவது இரவை, மொயாலேயில் ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்திருந்ததை, முன் சீட்டு காலியாக இருந்ததை, போனில் நான் சொன்னதை. அத்தை என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் கேட்டார். “அப்ப அவனுக்கு அதப் பாக்கணும்னு ஆசையே இல்லையா?”

“இல்லத்தை.”

“அவன் ஆசப்பட்டத ஒரு தடவ பாத்துட்டாவது செத்தான்னுதாண்டி மூணு வருசமா மனசத் தேத்திக்கிட்டு இருந்தேன். வாயால வஞ்சாலும் உள்ளுக்குள்ள அத ஒண்ணத்தான் வச்சிருந்தேன். அதையும் புடுங்கிட்டியே.”

“லாரி மேல வச்சு நாங் கேட்டேன் அத்தை. நல்லாருக்குன்னு சொன்னாரு” என்றேன்.

“அவன் எதத்தான் நல்லால்லன்னு சொன்னான்?” என்றார் அத்தை. “உப்பே இல்லாம ஒலையக் கொதிக்க வச்சு ஊத்துனாலும் நல்லாருக்கும்மான்னு குடிச்சுட்டுப் போற பய.”

அதற்குப் பிறகுதான் அவர் அழுதார். மூன்று வருடத்து அழுகையும் சேர்ந்து வந்தது. தெருவே வந்து நின்றது. நான் கிட்டே போனபோது கையை நீட்டித் தடுத்தார்.

மறுநாள் உங்கள் போட்டோவைக் கூடத்தில் மாட்டினார்கள். அத்தை தானே துடைத்துப் பூப் போட்டார். வெள்ளிக்கிழமை யாரும் வரவில்லை, சொல்லி நிறுத்திவிட்டார்கள். அத்தை என்னைப் போகச் சொல்லவில்லை. அதே வீட்டில்தான் இருக்கிறேன். சோறு ஆக்கினால் அவர் தனியாகப் போட்டுச் சாப்பிடுகிறார். என்னிடம் பேசுவதில்லை. அம்மா வந்து ஜெயமங்கலத்துக்குக் கூப்பிட்டார். நான் போகவில்லை. உங்கள் அம்மாவை விட்டு இரண்டாம் தடவையும் ஓடிப்போன மாதிரி இருக்கும் என்று தோன்றியது.

இந்த ஆடி அமாவாசைக்கு அத்தையும் தம்பியும் சுருளிக்குப் போய் உங்களுக்குத் திதி கொடுத்தார்கள். என்னைக் கூப்பிடவில்லை. மத்தியானம் ஈரத் தலையோடு திரும்பி வந்த அத்தை, நான் துணி மடித்துக்கொண்டிருந்த இடத்துக்கு நேராக வந்து நின்றார். ஒரு மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

“ஐயரு கேட்டாரு, எனக்குத் தெரியல. அங்கன அவன எந்தப் பக்கம் தல வச்சுப் பொதச்சாக? தெக்கதான வச்சாக?”

எனக்குத் தெரியவில்லை.

“பக்கத்துல நின்னவ நீ. அதக்கூடவா பாக்கல?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டார்.

அன்றிலிருந்து நான் தினமும், உங்களைப் புதைத்த அந்தக் காலையில் போய் நிற்கிறேன். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பஸ்ஸில், வகுப்பில் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கும்போது, தோட்டத்தில் பந்தலுக்குக் கீழே நடக்கும்போது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் சரிவில் ஒரு கல்லறைத் தோட்டம். மொயாலேயிலிருந்து நம்மை ஏற்றி வந்த மாட்டு லாரி டிரைவர் போகாமல் இருந்து, இரண்டு ஆட்களோடு குழி வெட்டினார். நர்ஸ் ஒருவர் வந்திருந்தார். அந்தப் போரானாப் பெண்ணும் எங்கேயோ விசாரித்துக்கொண்டு வந்து தள்ளி நின்றாள். உங்களை வெள்ளைத் துணியால் முழுக்கச் சுற்றியிருந்தார்கள். அதுவரை மூடியிருந்த மேகம் விலகி வெயில் வந்தது. வெயில் என் இடது கன்னத்தில் பட்டது. அது ஒன்றுதான் எனக்கு உறுதியாகத் தெரியும். காலை வெயில் என்றால் கிழக்கு. அப்படியானால் நான் தெற்கைப் பார்த்து நின்றிருக்கிறேன். குழி எனக்கு முன்னால் நீளவாக்கில் கிடந்தது. நான் உங்கள் கால்மாட்டில் நின்றிருந்தால் உங்கள் தலை தெற்கே. தலைமாட்டில் நின்றிருந்தால் வடக்கே. முதல் பிடி மண்ணைப் போட்டது நான்தான். அது உங்கள் பாதத்தில் விழுந்ததா, முகத்தில் விழுந்ததா? துணிக்குள் எது எந்தப் பக்கம் என்று நான் பார்க்கவில்லை மச்சான். மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன், சிவப்பாக இல்லாமல் கறுப்பாக இருக்கிறதே என்று.

சில நாள் தெற்கே என்று வருகிறது. சில நாள் வடக்கே என்று வருகிறது. அத்தை மறுபடி கேட்கவில்லை. ஆனால் நான் வீட்டுக்குள் வரும்போதெல்லாம் தலையைத் தூக்கி ஒருமுறை என் முகத்தைப் பார்க்கிறார். தெற்கே என்று நான் சொல்லிவிட்டால் அவருக்குப் போதும். இன்றைக்கும் பார்த்தார். நான் பால் பாத்திரத்தைத் தேய்க்கக் கொல்லைக்குப் போய்விட்டேன்.